குறியிடா உயிருணரிகள்

தேடும் மூலக்கூறின் மீது ஒளிரும் சாயம், கதிரியக்க அணு, நொதி என எந்த அடையாளப் பொருளையும் ஒட்டாமல், அது உணர்பரப்பில் வந்து பிணைவதை நேரடியாக அளக்கும் கருவி குறியிடா உயிருணரி எனப்படும். பரப்பில் பதிக்கப்பட்ட எதிர்ப்பொருள், டி.என்.ஏ. இழை போன்ற ஒன்று இலக்கை இனங்கண்டு பிடிக்கிறது. அதனால் மாறும் ஒளியையோ மின்சாரத்தையோ கருவி பதிவு செய்கிறது.

பின்னணி

நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலினைக் கொண்டு இரத்தத்தில் உள்ள இன்சுலினை அளக்கும் முறையை 1950களின் இறுதியில் உருவாக்கினர். யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. 1971இல் ஸ்டாக்ஹோமில் எங்வாலும் பெர்ல்மனும் கதிரியக்கத்துக்குப் பதிலாக நொதியை ஒட்டினர், அதுவே எலைசா. மருத்துவச் சோதனையை மாற்றியமைத்த இந்த இரு முறைகளுக்கும் ஒரு விலை உண்டு. ஒட்டிய பொருள் மூலக்கூறின் இயல்பை மாற்றக்கூடும். கழுவும் படிகள் கூடுகின்றன. முடிவு கடைசியில்தான் தெரிகிறது. பிணைப்பு நடக்கும்போதே அதைக் காண முடிவதில்லை.

மின்வேதி வழி

ஆக்சிஜன் மின்முனையை 1956இல் வெளியிட்ட லேலண்ட் கிளார்க், 1962இல் லயன்ஸுடன் சேர்ந்து அதன் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியை ஒரு சவ்வுக்குள் அடைத்து வைக்கும் யோசனையை முன்வைத்தார். நொதி குளுக்கோஸை மாற்றும்போது ஆக்சிஜன் குறைகிறது. அந்தக் குறைவே சர்க்கரையின் அளவைச் சொல்லிவிடும். இன்று வீடுகளில் உள்ள சர்க்கரை மீட்டர்கள் இந்த நொதி மின்முனையின் வழிவந்தவை.

ஆனால் எதிர்ப்பொருள் பிணைப்பில் இத்தகைய வேதிமாற்றம் இல்லை. அங்கே மின்மறுப்பு அளவீடு உதவுகிறது. தங்க மின்முனையில் எதிர்ப்பொருளைப் பதித்து, ஃபெரோசயனைடு, ஃபெரிசயனைடு கலந்த கரைசலில் மூழ்க வைத்து, சில மில்லிவோல்ட் மாறுமின்னழுத்தம் தரப்படும். புரதம் வந்து அமர்ந்தால் எலக்ட்ரான் கடக்கும் வழி அடைபட்டு மின்தடை ஏறும். மின்மறுப்பைக் காட்டும் வரைபடத்தில் தோன்றும் அரைவட்டம் பெரிதாகும். இதைக் கணக்கிட உதவும் சமானச் சுற்றை ராண்டில்ஸ் 1947இலேயே தந்திருந்தார்.

1970இல் நெதர்லாந்தின் பீட் பெர்க்வெல்ட், அயனிகளை உணரும் புலவிளைவு டிரான்சிஸ்டரை அறிவித்தார். டி.என்.ஏ. இழை நீளும்போது வெளியேறும் ஹைட்ரஜன் அயனிகளை அத்தகைய சில்லுகளில் அளந்து, சாயமே இல்லாமல் மரபணு வரிசையைப் படிக்கும் கருவி 2010இல் வந்தது.

ஒளியியல் வழி

1902இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், உலோகக் கீற்றணியில் பட்டுத் திரும்பிய ஒளியில் காரணம் புரியாத இருண்ட பட்டைகளைக் கண்டார். உலோகப் பரப்பில் எலக்ட்ரான்கள் அலையாக எழும்போது ஒளியாற்றலை உறிஞ்சிக்கொள்வதே காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று. இதுவே பரப்புப் பிளாஸ்மான் ஒத்ததிர்வு. 1968இல் ஓட்டோ ஒரு முறையிலும், கிரெட்ச்மனும் ரேதரும் இன்னொரு முறையிலும் முப்பட்டகம் வழியே இதை எழுப்பிக் காட்டினர். 1983இல் ஸ்வீடனின் லின்ஷோப்பிங்கில் லீட்பெர்க், நைலாண்டர், லுண்ட்ஸ்ட்ரோம் மூவரும் எதிர்ப்பொருள் பிணைவதை இதனால் உணர்ந்தனர். 1990இல் உப்சாலாவிலிருந்து ‘பயாகோர்’ கருவி விற்பனைக்கு வந்தது.

அதன் உள்ளே ஏறத்தாழ 50 நானோமீட்டர் தடிப்புள்ள தங்கப் படலம் இருக்கிறது. படலத்தின் ஒருபுறம் ஒளி பட்டுத் திரும்ப, மறுபுறம் கரைசல் ஓடும். இலக்கு மூலக்கூறு பிணைந்தால் பரப்பை ஒட்டிய ஒளிவிலகல் எண் கூடி, ஒளி உறிஞ்சப்படும் ஒத்ததிர்வுக் கோணம் நகரும். சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நானோகிராம் புரதம் அமர்ந்தால் கோணம் சுமார் 0.1 பாகை மாறும். மாதிரி ஓடத் தொடங்கியதும் திரையில் கோடு ஏறும்; பிணைவதும் பிரிவதும் சமனாகும்போது கிடையாக ஓடும்; வெறும் கரைசலை விட்டால் மெல்ல இறங்கும். எவ்வளவு வேகமாகப் பிடித்தது, எவ்வளவு நேரம் விடாமல் இருந்தது என்ற இரண்டையும் அந்த ஒரே வளைகோடு சொல்கிறது. மருந்து ஆய்வாளர் நாடுவது இந்த விவரத்தைத்தான். குறியிடா முறையின் தலையாய கொடையும் இதுவே.

இரு வழிகளும் ஒருமுறை எதிர்பாராமல் சந்தித்தன. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறல், மூலக்கூறைத் தொடாமலே அதன் கைரேகையைத் தருவது. ஆனால் மிகவும் மங்கலானது. 1974இல் சவுத்தாம்டனில் ஃப்ளைஷ்மன் குழுவினர், மின்வேதி முறையில் சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்முனையில் பிரிடினின் ராமன் நிறமாலையை வியக்கத்தக்க வலுவுடன் பெற்றனர். உலோகப் பரப்பே அதைப் பல்லாயிரம் மடங்கு பெருக்குகிறது என 1977இல் விளக்கப்பட்டது.

இடர்ப்பாடு

அடையாளம் ஒட்டாத கருவிக்குப் பரப்பில் வந்து ஒட்டுவதெல்லாம் ஒன்றே. ஒரு லிட்டர் இரத்த நீரில் ஏறக்குறைய 40 கிராம் ஆல்புமின் இருக்கிறது. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின்-டி அளவில் மருத்துவர் கவனிக்கும் எல்லையோ லிட்டருக்கு 14 நானோகிராம். இடைவெளி இருநூறு கோடி மடங்குக்கும் மேல். தேவையற்ற புரதங்களை அண்டவிடாத எத்திலீன் கிளைக்கால் படலங்களை 1991இல் பிரைமும் வைட்சைட்ஸும் காட்டியது இதற்கான முக்கிய முன்னேற்றம். ஆகவே உணர்திறனின் எல்லையை ஒளியும் மின்சாரமும் மட்டுமல்ல, பரப்பு வேதியியலும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ஆய்வுக்கூடத்தில் குறியிடா முறை வேரூன்றிவிட்டது. மருத்துவமனைகளில் ட்ரோபோனின் சோதனை இன்றும் பெரும்பாலும் அடையாளம் ஒட்டிய முறையிலேயே நடைபெறுகிறது.