ஜுக்குவும் ஸ்ரீபெரும்புதூரும்

இருங்காட்டுக்கோட்டைல நான் வேலைக்குப் போற வழியில கொரிய எழுத்துல ஒரு ஹோட்டல் போர்டு இருக்கு. 1998ல ஹூண்டாய் இங்க சான்ட்ரோ கார் செய்ய ஆரம்பிச்சதோட நீட்சி அது. டீக்கடைல ஒடியா, இந்தி, தெலுங்கு எல்லாம் காதுல விழும். இப்படிப் பல மொழி பேசுற கிராமம் வேற எங்க இருக்குன்னு தேடப் போய் மாட்டினதுதான் ஜுக்கு.

ருமேனியாவுல க்ளுஜ் நகரத்துக்குப் பக்கத்துல இருக்கு. அது ஒரு "கொமூனா", அதாவது அஞ்சு கிராமம் சேர்ந்த ஒரு பஞ்சாயத்து. புதுச்சேரில இன்னிக்கும் கொம்யூன் பஞ்சாயத்துன்னு சொல்றாங்களே, அதே பிரெஞ்சு வார்த்தைதான். நம்ம ஊர் மாதிரியே மேல் ஜுக்கு, நடு ஜுக்குன்னு பேரு. ருமேனியர், ஹங்கேரியர், ரோமா மக்கள் மூணு பேரும் அங்க இருக்காங்க. 1918 வரைக்கும் அது ஹங்கேரி ஆட்சியில இருந்த பகுதி, அதனால ஒவ்வொரு கிராமத்துக்கும் ரெண்டு பேரு. ஒரு கிராமத்தோட பேருக்கு ரெண்டு மொழியிலயும் குதிரைப் பண்ணைன்னு அர்த்தம்!

சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நோக்கியா.

2008ல ஜெர்மனில போஹும் தொழிற்சாலையை மூடிட்டு நோக்கியா ஜுக்குவுக்கு வந்துச்சு. நம்ம சிப்காட் மாதிரி அங்க டெட்டரோம்னு ஒரு தொழிற்பேட்டை. 2011 செப்டம்பர்லயே அதையும் மூடப் போறதா அறிவிச்சுட்டாங்க. உதிரி பாகம் கிடைக்கிற ஆசியாவுக்குப் பக்கத்துல போறோம்னு காரணம் சொன்னாங்க. சுமார் 2,200 பேர் வேலை செஞ்ச இடம்.

அந்த ஆசியாவுல ஒரு புள்ளிதான் ஸ்ரீபெரும்புதூர். இங்க 2006ல ஆரம்பிச்சு, உச்சத்துல சுமார் 8,000 பேர். நமக்கு யோகம்னு நெனச்சிருப்போம். ஆனா வரிப் பிரச்சினையில மைக்ரோசாஃப்ட் கைக்கும் போகாம, 2014 நவம்பர் 1ஆம் தேதி இதுவும் மூடிடுச்சு.

ரெண்டு கட்டடமும் சும்மா கிடக்கல. ஜுக்கு கட்டடத்தை 2012ல டெலோங்கி வாங்கிச்சு, நம்மளதை சால்காம்ப் வாங்கிச்சு. கட்டடத்துக்கு மறுவாழ்வு சுலபமா கிடைச்சிடுது.

மனுஷங்களுக்கு? எனக்கு வித்தியாசம் இங்கதான் தெரியுது. ஜுக்குல மூணு இனமும் ஃபேக்டரிக்கு முன்னாடியே இருந்தவங்க. அது போனாலும் ஊர் மிச்சம் இருந்துச்சு. இங்க ஃபேக்டரிதான் பலரைக் கூட்டிட்டு வந்துச்சு. வல்லம் வடகால்ல 2024ல தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்குற விடுதியே திறந்தாங்க. ஒரு பஞ்சாயத்தை விடப் பெரிய ஊர்! ஆனா அங்க தங்கறவங்க ஓட்டும் ரேஷன் கார்டும் பெரும்பாலும் வேற எங்கயோ. கம்பெனி கிளம்பினா அவங்களும் பையைத் தூக்கிட்டுக் கிளம்பணும்.

கம்பெனி வரும்போது நெலத்தைக் கணக்குப் பாக்குறோம், வேலையை எண்ணுறோம். இங்க வந்து தங்கினவங்களை ஊர்க்காரங்கன்னு எப்ப எண்ணப் போறோம்? அந்த ஹோட்டல் போர்டைத் தாண்டும்போதெல்லாம் இதான் தோணுது.