நம் அப்பாக்கள் ஏன் வீடு வாங்கவில்லை?

"தாத்தா அன்றைக்கே தி.நகரில் ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டிருக்கலாமே!" இந்தப் பேச்சு எழாத வீடு சென்னையில் குறைவு. நல்ல உத்தியோகம் பார்த்தார், சிக்கனமாகவும் இருந்தார். ஆனாலும் திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ வாடகை வீட்டிலேயே காலம் தள்ளினார். விவரம் போதாதவர் என்று பேரப்பிள்ளைகள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதலில் சட்டத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்த வாடகைக் கட்டுப்பாடு, 1946, 1949 சட்டங்களாகத் தொடர்ந்து, 1960-ல் விரிவான சட்டமாயிற்று. வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விடுதல், வீட்டுக்காரரின் சொந்தத் தேவை போன்ற குறிப்பிட்ட காரணங்கள் இருந்தால்தான் குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்ல முடியும். அதற்கும் கோர்ட்டுக்குப் போக வேண்டும். வாடகை அதிகம் என்றால் 'நியாய வாடகை' நிர்ணயிக்கக் கேட்கலாம். மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள குடியிருப்புகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்றிருந்த பிரிவையும் 1986-ல் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்றது. ஒழுங்காக வாடகை கொடுப்பவருக்கு வாடகை வீடே பாதி சொந்த வீடு மாதிரிதான்.

அடுத்தது கடன். எச்.டி.எஃப்.சி. தொடங்கியதே 1977-ல். அதற்கு முன் கூட்டுறவு வீட்டுச் சங்கம், அரசு ஊழியருக்கான முன்பணம், வீட்டுவசதி வாரியத்தின் தவணைத் திட்டம் என்று ஒருசில வழிகளே இருந்தன. மற்றவர்கள் பி.எஃப்., கிராஜுவிட்டி கைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் பெண் கல்யாணம் வந்து நிற்கும்.

மனை விலை ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையும் அன்று இப்போதுபோல் இல்லை. 1942-ல் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் சென்னையே காலியானபோது, வந்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிட்டு ஊருக்குப் போனவர்களைப் பற்றி அவர்கள் கேட்டு வளர்ந்தவர்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. வாடகையை நம்பி வாழ்ந்த விதவைகளுக்கு வீட்டு வரி கட்டியதுபோக மிச்சம் சொற்பம். ஓடு மாற்றக்கூடப் பணமில்லாமல் எத்தனையோ பழைய வீடுகள் பாழாயின. குடிவைத்தால் வீடு போய்விடும் என்று பூட்டியே வைத்தவர்களும் உண்டு.

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் அந்த 1960 சட்டத்தை நீக்கிவிட்டது. இப்போது எழுத்துபூர்வமான ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும். வாடகையும் காலக்கெடுவும் ஒப்பந்தப்படிதான். இன்னொரு பக்கம், வேலையில் சேர்ந்த சில வருடங்களிலேயே வங்கிகள் வீட்டுக் கடன் தரக் காத்திருக்கின்றன.

ஆகவே வாடகையா, சொந்தமா என்று இன்று பிள்ளைகள் போடும் கணக்கு வேறு, நம் அப்பாக்கள் போட்ட கணக்கு வேறு. நாற்பது ரூபாய் வாடகையில் நான்கு பிள்ளைகளைப் படிக்க வைத்தவரை ஏமாளி என்று யாராவது சொன்னால், இதையெல்லாம் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.