"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை": ஒரு வாக்கியத்தின் வரலாறு

"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்." நம் மருத்துவமனைத் தாழ்வாரங்களில் நாள்தோறும் ஒலிக்கும் இவ்வாக்கியத்தில், செய்ய வேண்டியவர் யார், எதைச் செய்வதற்கு என்னும் இரண்டும் சொல்லப்படுவதில்லை. என் பாட்டிக்கு அப்போது 81 வயது. புற்றுநோய் எலும்பு வரை பரவியிருந்தது. இளம் மருத்துவர் ஒருவர் தரையைப் பார்த்தபடி, சற்றே கூச்சத்துடன், இவ்வாக்கியத்தை எங்களிடம் சொன்னார். வலிக்குப் பாராசிட்டமால் எழுதித் தந்தார். மார்பின் பற்றி அவரும் பேசவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. நெடுநாள் அவர்மீது எனக்குக் கோபம் இருந்தது. அவருடைய மௌனத்திற்கு அவரைவிட வயது அதிகம் என்பது பின்னர்தான் விளங்கிற்று.

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன் (மொழியியல் படித்தவனின் பழக்கம், பொறுத்தருள்க). 'ஹாஸ்பிஸ்' என்பது விருந்தோம்பலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. இடைக்கால ஐரோப்பாவில் வழிப்போக்கர்க்கும் நோயுற்றோர்க்கும் இடமளித்த விடுதி. செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவம் பயின்ற சிசிலி சாண்டர்ஸ், 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கியபோது அச்சொல் நவீன மருத்துவத்திற்குள் வந்தது. உடல், உள்ளம், உறவு, ஆன்மிகம் ஆகிய நான்கும் சேர்ந்ததே இறுதிக்கால நோயாளியின் 'முழு வலி' என்பது அவருடைய கருத்து. மான்ட்ரியல் நகரில் அறுவை மருத்துவர் பால்ஃபோர் மவுண்ட், 1970களின் நடுவில் இத்தகைய பிரிவொன்றை அமைத்தபோது மொழி குறுக்கிட்டது. பிரெஞ்சில் அச்சொல்லுக்குக் கதியற்ற முதியோரைத் தள்ளிவைக்கும் இல்லம் என்ற சாயல் இருந்தது. எனவே அவர் 'பாலியேட்டிவ் கேர்' என்ற பெயரைத் தேர்ந்தார். 'பாலியம்' என்றால் போர்வை. தமிழில் 'நோய்த்தணிப்பு', 'ஆதரவு சிகிச்சை' என இரண்டும் வழங்குகின்றன. எதுவும் இன்னும் மக்கள் நாவில் ஏறவில்லை.

இந்தியாவில் இவ்வியக்கம் வேரூன்றிய ஆண்டுகளைக் கவனியுங்கள். 1986இல் மும்பையின் பாந்த்ராவில், புற்றுநோய் அறுவை மருத்துவர் எல். ஜே. டிசோசாவின் முயற்சியால் சாந்தி அவேதனா சதன் தொடங்கப்பட்டது. நாட்டின் முதல் ஹாஸ்பிஸ் அதுவே. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், புற்றுநோய் வலிக்கான மூன்று படிநிலைகளை வெளியிட்டு, கடும் வலிக்கு வாய்வழி மார்பினை முன்னிறுத்தியது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 1985இல், போதைப்பொருள் மற்றும் உளமயக்கப் பொருள்கள் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டிருந்தது. பல குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டுச் சிறை. மருத்துவப் பயன்பாட்டை அச்சட்டம் தடை செய்யவில்லை என்பதே இங்கு முக்கியமானது. வைத்திருக்க, வாங்க, மாநில எல்லையைக் கடத்திக் கொண்டுவர எனத் தனித்தனி உரிமங்கள் தேவைப்பட்டன. மாநிலந்தோறும் விதிகள் வேறுபட்டன. அவை எல்லாம் ஒரே காலத்தில் செல்லுபடியாக இருந்தாக வேண்டும். ஓர் உரிமம் கைக்கு வருமுன் மற்றொன்று காலாவதியாகிவிடும். மருந்தகங்கள் மார்பினைக் கைவிட்டன. ஆண்டுக்குப் பல நூறு கிலோவாக இருந்த நாட்டின் மருத்துவ மார்பின் நுகர்வு 1997இல் ஏறத்தாழ 18 கிலோவாகச் சுருங்கிற்று. மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்துடன் அபின் பயிரிட்டு, உலக மருந்துத் தொழிலுக்கே ஏற்றுமதி செய்த நாடு இது!

இதன் விளைவு மருந்துக் கையிருப்போடு நிற்கவில்லை என்பதே என் வாதம். மருந்தைக் காணாத மாணவர், அதனை எழுதாத பேராசிரியரிடம் பயின்றார். பின்னர் அவரே பேராசிரியரானார். மூச்சு நின்றுவிடும், நோயாளி அடிமையாகிவிடுவார் என்ற அச்சங்கள், சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே இன்றிப் பாடமாகக் கைமாறின. எங்களிடம் தரையைப் பார்த்தபடி பேசிய அந்த இளைஞர் அத்தகைய மூன்றாம் தலைமுறையாக இருக்கக்கூடும்.

இதனை உள்ளிருந்தே கேள்விக்கு உட்படுத்திய மருத்துவர்களுள் முதன்மையானவர், கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் பேராசிரியராக இருந்த எம். ஆர். ராஜகோபால். தம் வாழ்வைத் திருப்பிய நிகழ்வொன்றை அவர் பல மேடைகளில் கூறியிருக்கிறார். கடும் புற்றுநோய் வலியுடன் வந்த கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு அவர் நரம்பில் ஊசி செலுத்தினார், வலி அடங்கியது. மீண்டும் எப்போது வரவேண்டும் என்று நோயாளி கேட்க, இனி வரத் தேவையில்லை என்றார் மருத்துவர். தம் நோய் தீராதது என்பதை அந்த மனிதர் அப்போதுதான் அறிந்தார். அன்றிரவே உயிரை மாய்த்துக்கொண்டார். மருத்துவ அளவுகோலின்படி அச்சிகிச்சை முழு வெற்றி. தாம் நரம்பைப் பார்த்தோம், மனிதரைப் பார்க்கவில்லை என்ற உணர்வை, தற்காப்பு ஏதுமின்றி அவர் பொதுவில் வைத்திருக்கிறார். ஒரு மருத்துவரின் பார்வை என்று நான் மதிப்பது இதனைத்தான்.

அவரும் சுரேஷ்குமார் முதலிய தோழர்களும் 1993இல் கோழிக்கோட்டில் வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கத்தை நிறுவினர். கேரளம் செய்த மிகப் பெரிய மாற்றம் மருந்தில் இல்லை, இடத்தில் இருந்தது. நோயாளி மருத்துவமனைக்கு வருவதற்குப் பதிலாக, செவிலியரும் பயிற்சி பெற்ற அக்கம்பக்கத் தன்னார்வலரும் வீடு தேடிச் சென்றனர். சென்றபோது கண்டது வேறு. புற்றுநோயாளிகளைத் தேடிப் போன வீடுகளிலும் அண்டை வீடுகளிலும் பக்கவாதத்தால் விழுந்தவர்கள், படுக்கைப் புண் வந்தவர்கள், நினைவு தப்பியவர்கள் கிடந்தனர். பெரும்பாலோர் முதியவர்கள். எந்தச் சிறப்பு மருத்துவரின் பட்டியலிலும் அவர்கள் இல்லை. இறப்பின் விளிம்பிற்கான மருத்துவம், பல ஆண்டுகள் நீளும் முதுமைக்கான மருத்துவமாக அங்கேதான் விரிந்தது. 2008இல் கேரள அரசு இதனைக் கொள்கையாக்கி உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இல்லம் சென்று செய்யும் ஆதரவு சிகிச்சை இடம்பெற்றது.

மார்பின் சட்டம் 2014இல் திருத்தப்பட்டது. இன்றியமையா மருந்துகளுக்கு நாடு முழுமைக்கும் ஒரே விதி வந்தது. ஆயினும் பழைய பாங்கு வேறிடத்தில் தலைகாட்டிற்று. 2018இல் உச்ச நீதிமன்றம், கண்ணியத்துடன் இறக்கும் உரிமையை ஏற்று, செயற்கை உயிர்காப்பை மறுக்கும் முன்விருப்ப ஆவணத்தை அனுமதித்தது. ஆனால் அதில் குற்றவியல் நடுவர் ஒப்பமிட வேண்டும் என்றது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் முதியவரின் குடும்பம் எந்த நடுவரைத் தேடி ஓடும்? 2023இல் அவ்விதியைத் தளர்த்தி, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவுபெற்ற அலுவலர் போதும் என்று அதே நீதிமன்றம் மாற்றியது. உரிமையைத் தந்துவிட்டு நடைமுறையால் பூட்டுவதை நாம் இருமுறை செய்திருக்கிறோம். வழக்கு வந்துவிடுமோ என்ற அச்சத்தில் வென்டிலேட்டரைத் தொடரும் மருத்துவரும், உரிமத்திற்கு அஞ்சி மார்பினைத் தவிர்த்த மருத்துவரும் எனக்கு ஒருவராகவே தெரிகின்றனர்.

மொழியியலாளர்க்கு ஒரு செய்தி. வலியை ஆராயும் பன்னாட்டுச் சங்கத்தின் 1979ஆம் ஆண்டு வரையறை, நோயாளி தம் வலியை 'விவரிப்பதை' ஒரு கூறாகக் கொண்டிருந்தது. பேச இயலாதோர் விடுபடுவர் என்பதால் 2020இல் அச்சொல் நீக்கப்பட்டது. வாய்மொழி என்பது வலியை வெளிப்படுத்தும் பல வழிகளுள் ஒன்றே என்ற குறிப்பும் சேர்க்கப்பட்டது. மறதிநோய் முற்றிய முதியோரிடம் மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்னும் ஐந்தையும் பார்த்து வலியை மதிப்பிடும் அளவுகோல்கள் ஏற்கெனவே உண்டு.

பாட்டி கடைசி மூன்று வாரங்கள் பேசவில்லை. புரட்டிப் படுக்கவைக்கும்போது புருவத்தைச் சுருக்குவார். படுக்கை விரிப்பை இறுகப் பற்றிக்கொண்டு விடமாட்டார். பிடிவாதம் என்று அம்மா சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இதைப் படிக்கும் மருத்துவ மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் கல்லூரி மருத்துவமனையின் மருந்தகத்தில் வாய்வழி மார்பின் இருக்கிறதா, உங்கள் ஆசிரியர் எவரேனும் அதனை எழுதி நீங்கள் பார்த்ததுண்டா என்று மாநிலத்தின் பெயருடன் எழுதுங்கள். எண்களைவிட அந்த விடைகளே எனக்கு இப்போது தேவைப்படுகின்றன.