கருவில் காக்கும் மரபணு, கண்ணில் தோன்றும் புற்று: ஆர்பி1 ஆய்வு வரலாறும் மதுரையும்

முன்னுரை

மதுரை மாநகரில் வைகையின் வடகரையில் அமைந்துள்ள செல்லூர், கைத்தறி நெசவால் அறியப்பட்ட பகுதியாகும். அதே வடகரையில், அண்ணா நகரில், 1976ஆம் ஆண்டு மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை அறுவை மருத்துவத்தால் உலகறிந்த இந்நிறுவனத்தின் மற்றொரு பணி அதிகம் பேசப்படுவதில்லை. குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய்க்கான சிகிச்சையும், அதற்குக் காரணமான மரபணு குறித்த ஆய்வுமே அப்பணியாகும். கருவளர்ச்சியை நெறிப்படுத்தும் மரபணுக்களுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவை அறிவியல் உலகம் படிப்படியாக உணர்ந்த வரலாற்றில் இந்நோய்க்குத் தனி இடம் உண்டு.

கருவணுக் கொள்கையின் தோற்றமும் மறுதோற்றமும்

1877இல் ஜெர்மானிய நோய்க்குறியியலாளர் யூலியஸ் கோன்ஹைம், கருவளர்ச்சியின்போது பயன்படாது எஞ்சிய உயிரணுக்களே பிற்காலத்தில் கட்டிகளாகின்றன எனக் கருதினார். நுண்ணோக்கியில் கண்ட ஒப்புமையே அவர் கொண்ட சான்று. எனவே அக்கருத்து நெடுங்காலம் ஊகமாகவே நின்றது. 1963இல் சோவியத் ஆய்வாளர் ஆபெலெவ், கருவின் குருதியில் மட்டும் மிகுதியாகக் காணப்படும் ஆல்ஃபா ஃபீட்டோபுரதம் கல்லீரல் புற்றுடைய எலிகளில் மீண்டும் சுரப்பதைக் காட்டினார். மறு ஆண்டே டட்டாரினோவ் அதனை மனிதரிடமும் கண்டறிந்தார். 1965இல் மாண்ட்ரியலில் கோல்டும் ஃப்ரீட்மனும் பெருங்குடல் புற்றிலும் கருவின் குடலிலும் பொதுவாக அமைந்த ஒரு பொருளை அறிவித்தனர். அது பின்னர் நலமுள்ள பெரியோரின் திசுக்களிலும் சிறிதளவு காணப்பட்டது. ஆயினும் ‘உறங்கிய கரு மரபணு விழித்தெழுவதே புற்று’ என்னும் உருவகம் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது.

அவ்வுருவகம் எல்லாப் புற்றுக்கும் பொருந்தாது என்பதற்கு விழித்திரைப் புற்றே தக்க சான்று.

ஆர்பி1: இழப்பினால் வெளிப்பட்ட மரபணு

1809இல் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் வார்ட்ராப் இந்நோயை வரையறுத்து, கண்ணை அகற்றுவதே உயிர்காக்கும் வழி என வலியுறுத்தினார். (அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின், 1819இல், சென்னையில் கண் மருத்துவமனை நிறுவப்பட்டது.) ஃபிர்கோ இக்கட்டியை நரம்புத்தாங்கு உயிரணுக்களிலிருந்து தோன்றுவதாகக் கொண்டார். வெர்ஹோஃப் முன்மொழிந்த ‘ரெட்டினோபிளாஸ்டோமா’ என்னும் பெயர் 1926இல் ஏற்கப்பட்டது. முதிராத விழித்திரை உயிரணுவின் கட்டி என்பதே அதன் பொருள். ஆக, மரபணு அறியப்படுவதற்கு முன்பே நோயின் பெயரில் கரு இடம்பெற்றுவிட்டது.

1971இல் ஆல்ஃபிரட் நட்சன் 48 நோயாளிகளின் குறிப்புகளை மட்டுமே கொண்டு, ஒரு கணக்கீட்டின் வழியே பெரும் முடிவொன்றை எட்டினார். இரு கண்களிலும் நோயுடைய குழந்தைகளுக்கு அது இளமையிலேயே தோன்றுகிறது. ஒரு கண்ணில் மட்டும் வருவோர்க்குச் சற்றுத் தாமதமாகத் தோன்றுகிறது. முன்னவர் ஒரு பழுதுடன் பிறக்கின்றனர். அவர்களுக்கு இன்னுமொரு பழுதே போதும். பின்னவர்க்கு இரண்டும் ஒரே உயிரணுவில் பிறகு நேர வேண்டும். 1986இல் பதின்மூன்றாம் குரோமோசோமிலுள்ள ஆர்பி1 மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. புற்றடக்கி மரபணுக்களுள் முதன்முதலில் கண்டறியப்பட்டது இதுவே.

இம்மரபணு கண்ணுக்கு மட்டும் உரியதன்று. 1992இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஆர்பி1 இரு படியும் நீக்கப்பட்ட எலிக்கருக்களை உருவாக்கின. அவை ஏறத்தாழ 13 முதல் 15 நாள்களுக்குள் இறந்தன. குருதியாக்கமும் நரம்பு வளர்ச்சியும் சிதைந்திருந்தன. நஞ்சுக்கொடியில் அம்மரபணு இயங்கினால் கரு பிறப்புவரை வாழ இயலும் என 2003இல் தெரியவந்தது. ஒரு படி மட்டும் இழந்த எலிகளுக்கோ விழித்திரைப் புற்று வரவில்லை. பிட்யூட்டரிக் கட்டியே வந்தது. மனிதக் குழந்தையின் கண் மட்டும் ஏன் இலக்காகிறது என்னும் வினாவுக்கு 2014இல் ஒரு விடை கிடைத்தது. மனிதக் கருவிழித்திரையில் கூம்பு உயிரணுவாக முதிரவிருக்கும் முன்னோடி உயிரணுக்களில் எம்டிஎம்2, எம்ஒய்சிஎன் ஆகிய புரதங்கள் இயல்பாகவே மிகுந்துள்ளன. ஆர்பி1 இயங்கும்வரை தீங்கில்லை. அது நீங்கின் அவ்வுயிரணுக்கள் பிளவுற்றுப் பெருகுகின்றன. இங்கு உயிரணு கருநிலைக்குத் திரும்பவில்லை. அதைவிட்டு வெளியேறவே இல்லை.

எனினும் கரு மரபணு மீள்வதும் இதே கட்டியில் உண்டு என்பதைக் குறிக்க வேண்டும். கருவில் இயங்கி, பின் அடங்கும் எச்எம்ஜிஏ2 இப்புற்றில் மீண்டும் வெளிப்படுகிறது. சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆய்வாளர்கள் அதனைச் சிகிச்சைக்குரிய இலக்காக ஆராய்ந்துள்ளனர்.

மதுரை வட்டாரத்தில் இவ்வறிவின் பயன்

சுமார் 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பது இந்நோயின் பொதுவான நிகழ்வு வீதம். இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,500 குழந்தைகள் பாதிக்கப்படுவதாக மதிப்பிடப்படுகிறது. நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் கண்மணியில் தோன்றும் வெண்ணிற ஒளிர்வாகும். வியன்னா மருத்துவர் பேர் அதனைப் பூனைக்கண் என்றே குறித்தார். தமிழிலோ பூனைக்கண் என்பது வெளிர்நிறக் கண்ணின் பெயர். அது நோயாகக் கருதப்படுவதில்லை. சொல் ஒன்றே, எச்சரிக்கை மட்டும் இல்லை.

காரணம் குறித்த நம்பிக்கைகளும் கவனத்திற்குரியவை. கருவுற்றவள் கிரகணத்தின்போது வெளியே வந்ததால் குழந்தைக்கு ஊனம் நேர்ந்தது என்று தாய்மீது பழி சுமத்தும் வழக்கு தமிழகத்தில் பரவலானது. தாய்மாமன் மணமும் அத்தை மகன் மணமும் மிகுந்த இப்பகுதியில் ‘சொந்தத்தில் கட்டியதால் வந்தது’ என்பது படித்தவர் கூறும் விளக்கம். உறவுமணத்தால் மிகும் நோய்கள் பல உண்டு; ஆயின் இஃது அவற்றுள் ஒன்றன்று. பெற்றோர் ஒருவரிடமிருந்து வரும் ஒரு பழுதுபட்ட படியே நோய்க்கு வழிவகுக்கப் போதுமாதலின், உறவுமணம் இதனைப் பெருக்குவதில்லை. மரபுவழி நோயுடைய குழந்தைகளிலும் பெரும்பாலோர்க்கு அப்பழுது புதிதாய் நேர்ந்ததே. பெற்றோர் இருவரும் நலமுடன் இருப்பர்.

அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் நோயுற்றோரின் ஆர்பி1 மாற்றங்களைக் கண்டறிந்து மரபியல் ஆலோசனைக்குப் பயன்படுத்தி வருகிறது. முதல் குழந்தையிடம் மாற்றம் இன்னதெனத் தெரிந்தால், அடுத்துப் பிறக்கும் குழந்தையின் சிறிதளவு குருதியிலேயே அதைத் தேடலாம். மாற்றம் இல்லாத குழந்தைக்கு மயக்கமருந்து கொடுத்து மீண்டும் மீண்டும் விழித்திரையைச் சோதிக்கும் துன்பம் இல்லை. உள்ள குழந்தையைப் பிறந்த சில நாள்களிலிருந்தே கண்காணித்தால், கட்டி சிறிதாயிருக்கும்போதே லேசர் அல்லது குளிர்ச் சிகிச்சையால் அழிக்கலாம். கண்ணை அகற்ற நேராது. தறியை நிறுத்தினால் அன்றைய கூலி போய்விடும் நெசவாளர் குடும்பத்திற்கு, ஒரு சோதனைக்கும் பத்துச் சோதனைக்கும் இடையேயுள்ள வேறுபாடு சிறியதன்று.