இண்டூருக்கு ஒரு டாக்டர் பட்டம்

1858-இல் லண்டன் பல்கலைக்கழகம் விக்டோரியா ராணியிடமிருந்து புதிய சாசனம் ஒன்றைப் பெற்றது. அதுவரை இணைப்புக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு மட்டுமே தேர்வு. இனிமேல் எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்று கேட்பதில்லை. கட்டணத்தைக் கட்டித் தேர்வெழுதித் தேறினால் பட்டம் உண்டு என்றது அந்தச் சாசனம். மருத்துவம் மட்டும் விலக்கு. வகுப்பறையை விட்டுப் பட்டம் வெளியே இறங்கி நடந்தது அப்போதுதான். 1865-இல் மொரீஷியஸ் தீவில் கடல் கடந்த முதல் தேர்வு நடந்தது. முத்திரையிட்ட வினாத்தாள் கப்பலேறிப் போயிற்று, விடைத்தாள் கப்பலேறித் திரும்பிற்று. கற்பிப்பதை லண்டன் தன் பொறுப்பாக எண்ணவே இல்லை. சோதிப்பது மட்டுமே அதன் வேலை.

அந்தக் கப்பல் தபால் இலங்கைக்கும் வந்தது. மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் பிறந்த மயில்வாகனம், பின்னாளில் சுவாமி விபுலானந்தர், இலங்கையில் ஆசிரியராக இருந்துகொண்டே லண்டன் பி.எஸ்சி. தேர்வை எழுதித் தேறினார். 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். ஒரு பட்டம் இந்துமாக்கடலைத் தாண்டி வந்தது, இன்னொன்று பாக் நீரிணையைத் தாண்டி வந்தது. 1921-இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிகூட 1942 வரை மாணவர்களை லண்டன் பட்டத்துக்குத்தான் தயார்செய்தது. தொலைவழிக் கல்வி என்றதும் ஏதோ இணையம் வந்த பிறகு முளைத்த சங்கதி என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இந்தியாவுக்குள் இது வேறு உருவம் எடுத்தது. 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. எழுபதுகளில் மதுரை, 1979-இல் அண்ணாமலை, 1981-இல் சென்னை என்று தமிழ்நாட்டிலும் அது பரவியது. தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இருக்கும் இண்டூர் போன்ற ஊர்களுக்கு உயர்கல்வி வந்த வழி பெரும்பாலும் இதுதான்: தபால்காரர் கையில் பழுப்பு உறைக்குள் பாடப் புத்தகக் கட்டு, விடுமுறை நாளில் டவுனில் நேர்முக வகுப்பு. ‘கரஸ்ல எம்.ஏ. முடிச்சாரு’ என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். ஆசிரியர், எழுத்தர், நடத்துநர் எனச் சம்பளத்தில் இருந்தவர்கள் ஊதிய உயர்வுக்கும் பதவி உயர்வுக்கும் அந்தக் கட்டைப் பிரித்தார்கள். 2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு, மாநிலத்திலேயே கடைசி. அத்தகைய மாவட்டத்தில் அந்தப் பழுப்பு உறை செய்த வேலையை ஏளனமாகப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் அந்த உறைக்குள் முனைவர் பட்டம் இருக்கவில்லை. அது வேறிடத்தில் பிறந்து வேறு தடத்தில் வந்தது.

ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908-இல் தோன்றியது. 1920-களிலேயே வணிகத்தில் முனைவர் படிப்பையும் தொடங்கிவிட்டது. அங்கே வெகுகாலம் வழங்கப்பட்ட டி.பி.ஏ. என்ற வணிக நிர்வாக முனைவர் பட்டம், பேராசிரியர்களை உருவாக்கும் படிப்பு. இன்று விளம்பரங்களில் பார்க்கும் டி.பி.ஏ. அதன் நேர் வாரிசு அல்ல. 1990-களில் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும், பல ஆண்டு வேலை பார்த்த மேலாளர்களுக்காக, வேலையை விடாமலே செய்யும் ஆய்வாக அது மறுபிறவி எடுத்தது. எடின்பரோவின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகம் எம்.பி.ஏ. பாடத்தைப் புத்தகக் கட்டாக உலகெங்கும் அஞ்சலில் அனுப்பிப் பெயர் பெற்றது, டி.பி.ஏ.வையும் பிறகு தொலைவழியில் தந்தது. ஹார்வர்டோ சில ஆண்டுகளுக்கு முன் டி.பி.ஏ.வைக் கைவிட்டு, அதே படிப்புக்குப் பிஎச்.டி. வழங்கத் தொடங்கிவிட்டது. பெற்ற வீட்டில் பெயர் போயிற்று. புகுந்த வீடுகளில் அந்தப் பெயருக்குத்தான் கிராக்கி.

இப்போது டி.பி.ஏ. இண்டூருக்குள் வர தபால்காரர்கூட வேண்டாம். ஓசூர்த் தொழிற்சாலையில் மேலாளராக இருப்பவரோ, தருமபுரியில் சொந்தத் தொழில் செய்பவரோ கைப்பேசியிலேயே சேர்ந்துகொள்ளலாம். வங்கியில் ஏ2 படிவம் எழுதிக் கொடுத்தால் கட்டணம் பவுண்டாகப் போய்ச் சேரும். நெறியாளர் பிரிட்டனில் பிற்பகல் 3 மணிக்குக் கூப்பிட்டால் இங்கே இரவு 8.30, அவர்களுடைய கோடையில் 7.30. வாய்மொழித் தேர்வும் கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலும் திரையில்தான்.

இந்தப் படிப்பில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. நல்ல டி.பி.ஏ. எதுவும் எட்டாத கோட்பாட்டைக் கேட்பதில்லை. நீ வேலை செய்யும் இடத்தில் தீராமல் கிடக்கும் சிக்கல் ஒன்றைக் கொண்டுவா என்கிறது. அதற்குத் தருமபுரியில் பஞ்சமே இல்லை. அரசு பட்டுக்கூடு அங்காடியின் ஏலத்தில் ஒரே தரக் கூட்டுக்கு இன்று ஒரு விலை, நாளை ஒரு விலை ஏன்? பாலக்கோடு சந்தையில் தக்காளி ஒரு மாதம் பொன்னாக விற்று, அடுத்த மாதம் சாலையோரம் கொட்டப்படுகிறதே, நடுவில் இருக்கும் கமிஷன் மண்டிக்காரர் அந்த இழப்பில் எவ்வளவு சுமக்கிறார்? இவற்றுக்குச் சரியான தரவோடு ஐம்பதாயிரம் சொல் எழுதினால், எந்த நாட்டுத் தேர்வாளரும் உட்கார்ந்து படிப்பார்.

தரவு சேகரிக்கக் கிளம்பும்போதுதான் தொலைவு உறைக்கும். பல்கலைக்கழகத்தின் ஆய்வுநெறிக் குழு, பேட்டி கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் கையெழுத்து வாங்கச் சொல்லும். நோக்கம் நல்லதுதான், விவரம் தெரியாமல் எவரும் ஆய்வுக்கு ஆளாகிவிடக் கூடாது. ஆனால் கூடு விற்க வந்த விவசாயியிடம் இரண்டு பக்கத் தாளை நீட்டினால் என்ன நடக்கும்? விலை நிலவரத்தை மணிக்கணக்காகப் பேசுபவர் கையெழுத்து என்றதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார். நிலப் பத்திரம், கூட்டுறவுக் கடன், ஜாமீன் என்று கையெழுத்தால் பட்டவர்களின் ஊர் இது. வாய்மொழி ஒப்புதலை ஒலிப்பதிவாக ஏற்கும்படி குழுவை இணங்கவைக்க வேண்டும், அதற்குத் தனியாக எழுத வேண்டும். இத்தனையையும் தாண்டி ஆய்வை முடிப்பவர் டாக்டர் பட்டத்துக்கு முழுத் தகுதியுள்ளவர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பட்டம் கிடைத்தபின் தாளின் பயணம். பிரிட்டனில் அச்சான சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக வேண்டுமானால் அப்போஸ்டில் முத்திரை தேவை. 1961 ஹேக் உடன்படிக்கை வகுத்த ஏற்பாடு அது. இந்தியா 2005-இல் அதில் சேர்ந்தது. முதலில் அங்குள்ள வழக்கறிஞரோ நோட்டரியோ சான்றொப்பமிட வேண்டும், பிறகு அது மில்டன் கீன்ஸில் உள்ள வெளியுறவுத் துறை அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து கூரியரில் தருமபுரி, இண்டூர். அந்த முத்திரை, தாளில் உள்ள ஒப்பம் உண்மை என்று மட்டுமே சொல்லும். படிப்பின் தரத்தைப் பற்றி அதற்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

தரத்தைப் பற்றிப் பேசும் அலுவலகங்கள் டெல்லியில் இருக்கின்றன, தாள் தட்டி நிற்பதும் அங்கேதான். வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைத்தகுதி தரும் வேலையை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பார்த்துவந்தது. 2025 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு அதற்கெனத் தானே விதிகளை வெளியிட்டது. நேரில் போய் வழக்கமான முறையில் படித்ததா என்பது அங்கே பெரிய கேள்வி. 2022-இன் முனைவர் பட்ட விதிகள் தொலைவழி, இணையவழிப் பிஎச்.டி.யை நம் பல்கலைக்கழகங்களுக்கே தடைசெய்கின்றன. அதே ஆண்டு அக்டோபரில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கைகோத்து எட்டெக் எனப்படும் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் நடத்தும் இணையவழிப் பிஎச்.டி. செல்லாது என்று மானியக் குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் சேர்ந்து அறிவித்தன. கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆகும் எண்ணத்தோடு தொலைவழி டி.பி.ஏ.வுக்குப் பணம் கட்டுகிறவருக்கு இதை யாராவது முதல் நாளே சொல்ல வேண்டும். சேர்க்கைக்கு அழைக்கும் குரல் சொல்லாது. சொந்தத் தொழிலுக்காகவோ, தனியார் நிறுவனத்தில் மேலே போகவோ படிப்பவருக்கு இந்தக் கதவு மூடியிருப்பதால் நட்டம் ஏதுமில்லை.

டெல்லியின் கெடுபிடி அளவுக்கு மீறியது என்று நினைத்திருந்தேன். ஜெர்மனியைப் பற்றிப் படித்தபின் கொஞ்சம் தணிந்தேன். அங்கே உரிமையில்லாமல் டாக்டர் என்று போட்டுக்கொள்வது குற்றவியல் சட்டப்படி தண்டனைக்குரியது. 2008-இல், அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. வாங்கி மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களில் வேலை பார்த்த ஆய்வாளர்கள் சிலர்மீதே விசாரணை வந்தது. நம் ஊர் ஃபிளெக்ஸ் பேனர்களை ஜெர்மன் காவலர் ஒருவர் பார்த்தால் பாவம், எங்கிருந்து தொடங்குவார்!

கெடுபிடிக்குக் காரணமும் இருக்கிறது. 2015-இல், கராச்சியில் இருந்த ஆக்ஸாக்ட் என்ற நிறுவனம் இல்லாத பல்கலைக்கழகங்களை இணையத்தில் படைத்து உலகெங்கும் பட்டம் விற்றதை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது. 2023 பிப்ரவரி இறுதியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக அரங்கத்தில் ஓர் அமைப்பு திரைக்கலைஞர்கள் உள்ளிட்ட பலருக்குக் ‘கௌரவ டாக்டர்’ பட்டம் வழங்கியது. அரங்கம் மட்டுந்தான் பல்கலைக்கழகத்துடையது. பட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பல்கலைக்கழகம் காவல்துறையில் புகார் கொடுத்தது. மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி இந்தியாவில் பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும், சட்டம் அந்த அதிகாரத்தைத் தந்த நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. மேடையும் அங்கியும் கிடைத்துவிட்டால் அந்தப் பிரிவை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

சான்றிதழ் பீரோவுக்குப் போய்விடும். ஆய்வேடு என்ன ஆகும்? இந்தியப் பல்கலைக்கழகத்துக்குத் தந்த ஆய்வேடு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறும், எவரும் காசில்லாமல் படிக்கலாம். பிரிட்டனில் அதே வேலையைச் செய்துவந்த பிரிட்டிஷ் நூலகத்தின் இத்தோஸ், 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் முடங்கியது. அந்தந்தப் பல்கலைக்கழகம் தன் களஞ்சியத்தில் வைத்திருக்கும், ஆனால் டி.பி.ஏ. ஆய்வுகளில் நிறுவனத்தின் உள்கணக்கு இருப்பதால் சில ஆண்டுகளுக்குப் பூட்டி வைக்கக் கேட்பவர்கள் நிறைய. பெரியார் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் தருமபுரியை அடுத்த பைசுஅள்ளியில் இருக்கிறது. அங்கே பட்டுக்கூட்டைப் பற்றி ஒருவர் எழுதி முடித்து அது ஷோத்கங்காவில் ஏறிவிட்டால், அங்காடி வாசலில் நின்றபடியே கைப்பேசியில் இறக்கிப் படிக்கலாம். எடின்பரோவில் பூட்டிய ஆய்வேட்டைப் பார்க்க, இண்டூரில் அதை எழுதியவர் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும்.