திண்ணைப் பள்ளியின் ஆண்டிறுதியும் மாநவமி விழாவும்

முன்னுரை

பள்ளியாண்டின் இறுதி என்றவுடன் இக்காலத்தார் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவது தேர்வு. அதனை அடுத்துத் தோன்றுவன ஆண்டு விழாவும் வகுப்பு மாற்றமும் கோடை விடுமுறையும் ஆம். தொடக்கப் பள்ளியைப் பொறுத்தமட்டில் இவ்வமைப்புத் தொன்றுதொட்டு வந்ததன்று; ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகட்கு உட்பட்டதே. அதற்கு முன்னர்த் தமிழகத்துச் சிற்றூர்களில் நிலவிய திண்ணைப் பள்ளிகள் தம் ஆண்டினை மாநவமி விழாவொடு முடித்து, அதற்கு மறுநாளாகிய விசயதசமியில் தொடங்கின எனக் கொள்ளுதல் பொருந்தும். அவ்விழாவில் பள்ளி ஊரை நாடிச் சென்றது. ஊர் பள்ளிக்கு ஈந்தது. பின்னர் அவ்விடத்தில் அரசின் தேர்வு வந்து அமர்ந்தது. இம்மாற்றம் பள்ளியின் கூட்டு வாழ்வை எவ்வாறு வேறுபடுத்திற்று என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திண்ணைப் பள்ளியின் அமைப்பு

திண்ணைப் பள்ளியில் இன்றுள்ளது போன்ற வகுப்புப் பிரிவு இல்லை. மாணவன் மணலில் எழுத்துப் பயின்று, அரிச்சுவடி முடித்து, எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று எனச் சுவடி சுவடியாக முன்னேறினான். அவற்றொடு ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதி நூல்களும் நிகண்டும் மனப்பாடம் செய்யப்பட்டன. ஒருவன் ஒரு சுவடியை எத்தனை மாதத்தில் முடிப்பான் என்பது அவனவன் ஆற்றலைப் பொறுத்தது. ஆதலின் எல்லா மாணவரும் ஒரே நாளில் ஒரு படி ஏறுதல் என்பது ஆங்கு நிகழவில்லை. தேர்வு என ஒரு நாளைக் குறிக்க வேண்டிய தேவையும் எழவில்லை. ஒவ்வொரு நாளும் ஒப்புவித்தலே அந்நாளின் தேர்வாயிற்று.

இப்பள்ளியின் கூட்டு வாழ்வு பற்றி இருவேறு சான்றுகள் நமக்குக் கிடைக்கின்றன. ஒன்று, டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855-1942) தம் ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் எழுதிய இளமை நினைவுகள். மற்றொன்று, பல்லாரி மாவட்ட ஆட்சித்தலைவராய் இருந்த காம்பெல் 1823இல் அரசுக்கு விடுத்த அறிக்கை. பல்லாரி தெலுங்கும் கன்னடமும் வழங்கும் பகுதியாயினும், அவர் காட்டும் பள்ளி முறை தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியொடு பெரிதும் ஒத்திருத்தல் காணலாம். விடியற்காலையில் முதலில் வரும் மாணவனுக்குத் தனிப் பெருமை உண்டு. அவன் உள்ளங்கையில் கலைமகளின் பெயர் எழுதப்பட்டதெனக் காம்பெல் குறிக்கின்றார்; அத்தகையோனை ‘வேத்தான்’ என அழைத்தனர் என ஐயரவர்கள் கூறுகின்றார். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடம் சொல்லும் வழக்கம் இரு பகுதிகட்கும் பொதுவானது.

புதிய குழந்தையைச் சேர்க்கும் முறையும் கருதத்தக்கது. ஐந்து வயது நிரம்பிய குழந்தையின் இல்லத்திற்கு ஆசிரியரும் மாணவர் அனைவரும் அழைக்கப்பட்டனர். பிள்ளையார் உருவைச் சூழ்ந்து எல்லோரும் அமர, ஆசிரியர் குழந்தையின் விரலைப் பற்றி அரிசியில் எழுதுவித்தார். தனியொரு குழந்தை பள்ளிக்குச் செல்வதற்கு முன்னர்ப் பள்ளி முழுவதும் அக்குழந்தையின் வீட்டிற்குச் சென்றது என்பது இதனால் விளங்கும்.

மாநவமியும் பள்ளியாண்டும்

நல்ல நாள் எதுவாயினும் குழந்தையைச் சேர்த்தல் கூடுமாகலின், விசயதசமியைப் பள்ளியாண்டின் தொடக்கம் எனல் எவ்வாறு எனச் சிலர் வினவலாம். சேர்க்கை வேறு நாளிலும் நிகழ்ந்தது உண்மையே. எனினும் பள்ளி முழுவதும் ஒருங்கே ஓய்ந்து ஒருங்கே தொடங்கும் நாள்கள் இவ்விரண்டுமே. மாநவமியன்று சுவடிகளும் எழுத்தாணிகளும் கலைமகள் முன் அடுக்கப்பெற்றன. அன்று அவற்றைத் தொடுதலும் படித்தலும் இல்லை. மறுநாட் காலையில் எல்லோரும் சுவடியை எடுத்துச் சிறிதேனும் படித்துப் புதிதாகத் தொடங்கினர். அமாவாசை, பௌர்ணமி முதலிய விடுமுறைகள் பாடத்தை நிறுத்தினவேயன்றிச் சுவடிக்கு ஓய்வு தரவில்லை. ஆதலின் பள்ளியாண்டு என ஒன்றைத் திண்ணைப் பள்ளிக்குக் கூறல் வேண்டுமாயின், அதன் எல்லை மாநவமியே ஆதல் தெளிவு.

மாநவமி என்னும் சொல் மக்கள் வழக்கில் மகர்நோன்பு எனவும் மானம்பூ எனவும் திரிந்தது. தஞ்சை நகரத்துப் பகுதியொன்று மகர்நோன்புச்சாவடி எனவும் மானம்புச்சாவடி எனவும் வழங்குதல் இத்திரிபுக்குச் சான்றாகும். தியாகையரின் மாணாக்கராகிய மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர் பெயரிலும் இச்சொல் நிலைபெற்றுள்ளது. அரசர்க்கு இது படைக்கலம் போற்றும் விழா. அம்பெய்யும் சடங்கு கோயில்களில் இன்றும் நிகழ்கின்றது. சிற்றூர்ப் பிள்ளைகட்கோ அது பள்ளி ஊர்வல விழாவாயிற்று.

பிள்ளைகளின் ஊர்வலம்

நவராத்திரி நாள்களில் மாணவர் நல்லாடை உடுத்து, வண்ணம் தீட்டிய கோல்களைக் கையில் ஏந்தி, ஆசிரியர் முன்செல்ல வீடுதோறும் சென்றனர். வாயிலில் நின்று கோலாட்டம் அடித்துப் பாடினர். வீட்டார் தம்மால் இயன்ற பணமோ ஆடையோ தானியமோ ஆசிரியர்க்கு அளித்தனர். பிள்ளைகட்குப் பொரியும் கடலையும் வெல்லமும் கிடைத்தன. ஆந்திர நாட்டிலும் இவ்வழக்கம் இருந்தது. ஆங்குப் பிள்ளைகள் அலங்கரித்த வில்லும் அம்பும் ஏந்திப் பூத்தூவிச் சென்றனர். ஆசிரியர்க்குப் பொன்னும் தமக்குப் பருப்பும் வெல்லமும் வேண்டும் எனக் கேட்கும் பாடல்கள் தசராப் பாடல்கள் என வழங்குகின்றன. மாநவமியின் படைக்கல விழாக் கூறு சிறுவர் கைவில்லாக இப்பகுதியில் தங்கிற்று எனலாம்.

இவ்வூர்வலத்தைப் பொழுதுபோக்கு எனக் கருதுதல் பொருந்தாது. திண்ணைப் பள்ளி ஆசிரியரின் வாழ்வே இதனைச் சார்ந்திருந்தது. மாணவன் ஒருவனிடம் மாதந்தோறும் கால் ரூபாய் முதல் ஒரு ரூபாய் வரை பெறப்பட்டதெனக் காம்பெல் அறிக்கை காட்டுகின்றது. அதனையும் செலுத்த இயலாத பெற்றோர் பலர். தம் மாவட்டத்திலிருந்த 533 பள்ளிகளுள் ஒன்றேனும் அரசின் உதவி பெறவில்லை என்பதனை அவ்வாட்சித்தலைவர் நாணத்தொடு ஒப்புக்கொள்கின்றார். அரசு கைவிட்ட பள்ளியை ஊர் காத்தது. அக்காவலின் ஆண்டுக் கணக்கு மாநவமியில் தீர்க்கப்பட்டது. மேலும், ஓராண்டுக் கல்வியின் பயனை ஊரார் செவியாற் கேட்டு அறிந்ததும் அந்நாளிலேயே. நன்கு படித்தவனும் படிப்பில் பின்தங்கியவனும் ஒரே வட்டத்தில் நின்று கோலடித்தனர். எவனும் தோல்வியுற்றவன் எனப் பிரித்து நிறுத்தப்படவில்லை.

ஊர்வலம் செல்லாத தெருக்கள்

ஆயினும் இதனைப் பொற்காலம் எனப் புகழ்தல் வரலாற்றொடு முரணும். ஆளுநர் சர் தாமசு மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றுள் பயின்ற 1,88,650 மாணவருள் சிறுமியர் 4,540 பேரே. நூற்றுக்கு மூவர்க்கும் குறைவு. சிறுவருள் பிராமணரல்லாதார் மிகுதியாகப் பயின்றனர் என்பது அக்கணக்கால் புலப்படினும், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மக்களின் பிள்ளைகட்குத் திண்ணை பெரும்பாலும் அடைக்கப்பட்டே இருந்தது. அவர்தம் தெருக்களில் கோலாட்டமும் செல்லவில்லை. கொடுப்போரை நம்பி வாழும் ஆசிரியர் கொடுப்போரின் பிள்ளைகட்கே ஆசிரியர் ஆயினார். ஊர் ஒன்றுகூடிய விழா எனினும், ஊர் என்பது யாரை உள்ளடக்கியது என்னும் வினாவை ஆராய்ச்சியாளர் மறத்தலாகாது.

தேர்வும் மானியமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறிற்று. இங்கிலாந்தில் 1862இல் இராபர்ட்டு லோ நடைமுறைப்படுத்திய விதிகளைப் பின்பற்றி, மாணவர் தேர்ச்சிக்கு ஏற்ப மானியம் வழங்கும் முறை சென்னை மாகாணத்திலும் 1868இல் புகுந்தது. படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றில் தேறிய ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு என மானியம் வரையறுக்கப்பட்டது. 1882இல் அமைந்த ஹண்டர் குழுவும் தொடக்கக் கல்விக்கு இம்முறை ஏற்றதெனக் கருதிற்று. திண்ணைப் பள்ளிகள் பல இவ்விதிகளை ஏற்று அரசுப் பட்டியலில் இடம்பெற்றன.

இதனால் ஆண்டின் முடிவு இடம் மாறிற்று. ஆசிரியர் எதிர்நோக்கிய நாள் மாநவமியன்று; ஆய்வாளர் வரும் நாள். பள்ளியின் பயனை அளந்தறிந்தவர் ஊரார் அல்லர். வெளியிலிருந்து வந்த அலுவலர். முன்னர்ப் பிள்ளைகள் கூடிப் பாடியதால் ஆசிரியர்க்கு வருவாய் வந்தது. இப்போது பிள்ளைகள் தனித்தனியே விடையளித்ததால் வந்தது. ஈரிடத்தும் ஆசிரியர் உணவு பிள்ளைகள் வாயையே சார்ந்திருந்தது என்பது வியத்தற்குரியது. ஆயின் வேறுபாடு ஒன்றுண்டு. ஊர்வலத்தில் மந்தமான பிள்ளையும் ஒரு குரல். தேர்வில் அவன் ஓர் இழப்பு. தேறுவான், தேறான் எனப் பிள்ளைகளை வகுக்கும் நோக்கு தொடக்கப் பள்ளியுள் இவ்வாறே வேரூன்றிற்று.

இம்முறையின் நற்பயனையும் கூறுதல் முறை. ஊரார் கொடையை எதிர்பாராத பள்ளி, ஊரார் விலக்கிய பிள்ளையையும் சேர்த்துக்கொள்ள இயன்றது. பஞ்சமர் எனப்பட்டோர் கல்விக்கெனத் தனிச் சலுகைகளை வகுத்து 1893இல் வெளிவந்த அரசாணை இதற்குச் சான்று. கோலாட்டம் செல்லாத தெருவிற்குப் பள்ளி சென்றது அரசின் பணத்தாலேயே என்பது மறுக்கவொண்ணாதது. மானியமுறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. அது விதைத்த ஆண்டுத் தேர்வோ நிலைத்துவிட்டது.

முடிவுரை

பள்ளிக்கும் ஊர்க்கும் இருந்த பழைய உறவு முற்றும் அற்றதன்று. 1956இல் பொதுமக்கள் கொடையொடு தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 1958 முதல் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராயிருந்த காலத்தில் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் அவ்வுறவைப் புதுப்பித்தன. அண்மைக் காலத்தில் ஊர்மக்கள் மேளதாளத்துடன் தட்டுகள் ஏந்திப் பள்ளிக்குக் ‘கல்விச் சீர்’ கொண்டுசெல்லும் வழக்கமும் பல மாவட்டங்களில் காணப்படுகின்றது. விசயதசமியன்று குழந்தைகளைச் சேர்க்கும் மரபும் மறையவில்லை.

இவற்றை ஒப்புநோக்கின் ஓர் உண்மை போதரும். மாநவமியில் பிள்ளைகள் ஆசிரியரின் பொருட்டு ஊரை நாடிச் சென்றனர்; இன்று ஊர் பிள்ளைகளின் பொருட்டுப் பள்ளியை நாடிச் செல்கின்றது. ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்றமையால் கொடை இரத்தலின் சாயலினின்றும் நீங்கிற்று. பள்ளி எல்லாத் தெருப் பிள்ளைகட்கும் உரியதானமையால், ஈவோர் பிள்ளையும் ஈயாதார் பிள்ளையும் அதன் பயனை ஒப்பப் பெறுகின்றனர். திண்ணைப் பள்ளி அறிந்திருந்த கூட்டுணர்வும், அது அறியாதிருந்த சமநிலையும் ஒருங்கே அமையும் நாளே தொடக்கப் பள்ளியின் ஆண்டிறுதிக்கு உரிய நாளாகும்.