நீச்சலில் தாங்குதிறன்: மூச்சும் முறையும்

நீந்தத் தெரியும் என்று கூறுவோரில் எத்தனை பேரால் அரை மணி நேரம் இடைவிடாது நீந்த முடியும் என்பது கேட்கப்படவேண்டிய கேள்வியாகும். 25 மீற்றர் நீளமான தடாகமொன்றில் இரண்டு தடவைகள் சென்று திரும்பியதும் சுவரைப் பற்றிக்கொண்டு மூச்சிரைக்க நிற்பவர்களையே நாம் பெரும்பாலும் காண்கின்றோம். நாள்தோறும் ஐந்தாறு கிலோமீற்றர் ஓடுகின்ற உறுதியான இளைஞர்களும் இதற்கு விதிவிலக்கல்லர். தமது உடலில் போதிய வலு இல்லை, வயது போய்விட்டது, நீச்சல் தமக்குச் சரிவராது என்ற முடிவுக்கு வந்து சில வாரங்களிலேயே தடாகத்தின் பக்கம் போவதை அவர்கள் நிறுத்திவிடுகின்றனர். இந்த முடிவு பெரும்பாலும் தவறானது என்பதே எமது கருத்தாகும். அவர்களைக் களைப்படையச் செய்வது பலவீனமான இதயமோ நுரையீரலோ அல்ல. நீருடன் போராடுகின்ற அவர்களது முறையே ஆகும். முறை திருந்தாமல் தூரத்தைக் கூட்ட முயல்பவர் தவறான அசைவுகளையே மேலும் மேலும் பழகிக்கொள்கின்றார்.

இதற்கான காரணம் நீரின் இயல்பிலேயே அடங்கியிருக்கின்றது. நீர் காற்றை விட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. நீந்துபவரின் வேகம் கூடும்போது நீரின் தடை அந்த வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப அதிகரிக்கின்றது. அதாவது வேகத்தை இரு மடங்காக்க முயல்பவர் சுமார் நான்கு மடங்கு தடையை எதிர்கொள்ள நேரிடும். அதற்குச் செலவிட வேண்டிய ஆற்றலோ எட்டு மடங்காகின்றது. நிலத்தில் ஓடுபவர் கூடுதலாக முயன்றால் அந்த முயற்சியின் பலன் வேகத்தில் உடனே தெரியும். நீரில் அவ்வாறில்லை. நன்கு பயிற்சி பெற்ற வீரர்கள் கூடத் தாம் செலவிடுகின்ற சக்தியில் பத்தில் ஒரு பங்கு அளவையே முன்னேறிச் செல்வதற்குப் பயன்படுத்துகின்றனர். எஞ்சியது வெப்பமாகவும் நீரைக் கலக்குவதிலும் வீணாகின்றது. ஆகவே வலுவைக் கூட்டுவதை விடத் தடையைக் குறைப்பதே இலாபகரமான வழியாகும்.

தடையைக் குறைப்பது தலையிலிருந்து ஆரம்பமாகின்றது. காற்று நிறைந்த நுரையீரல்கள் நெஞ்சுப் பகுதியை மிதக்கச் செய்கின்றன; கால்களோ தாழ்ந்து போகும் இயல்புடையவை. முன்னால் என்ன இருக்கின்றது என்று பார்ப்பதற்காகத் தலையை உயர்த்தியவுடன் இடுப்பும் கால்களும் கீழிறங்கி, உடல் ஒரு சரிவான பலகையைப் போல நீரைத் தள்ளிக்கொண்டு செல்கின்றது. தலையைத் தாழ்த்தி, தடாகத்தின் அடியிலுள்ள கறுப்புக் கோட்டைப் பார்த்தவாறு, பிடரி நீட்டிய நிலையில் நீந்தினால் இடுப்பு தானாகவே மேலெழும். இந்த ஒரு திருத்தம் மாத்திரமே பலருக்கு ஒரு மாதப் பயிற்சியின் பலனைத் தந்துவிடும். எமது கடற்கரைக் கிராமங்களில் அலையையும் வள்ளத்தையும் பார்த்தபடி தலையை நிமிர்த்தி நீந்திப் பழகியவர்களுக்கு இது சற்றுக் கடினமாகவே இருக்கும். கடலில் அப்பழக்கத்திற்கு ஒரு தேவை உண்டு. தடாகத்தில் அது வீண் சுமையாகும்.

அடுத்தது மூச்சு. சாதாரண நீச்சல் எனப்படும் ப்ரீஸ்டைல் முறையில் தடுமாறுபவர்களில் பெரும்பாலானோர் தமக்குக் காற்றுப் போதவில்லை என்றே முறையிடுவர். உண்மையில் அவர்கள் காற்றை வெளிவிடுவதில்லை. முகம் நீரினுள் இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு, தலையைத் திருப்பிய அந்தக் கணத்தில் வெளிவிடவும் உள்ளெடுக்கவும் முயல்கின்றனர். அதற்கு அவகாசம் போதாது. மூச்சுத் திணறுகின்ற உணர்வைத் தோற்றுவிப்பது பெரும்பாலும் ஒட்சிசன் குறைபாடு அல்ல. இரத்தத்தில் சேர்கின்ற காபனீரொட்சைட்டே அவ்வுணர்வைத் தூண்டுகின்றது. முகம் நீரில் இருக்கும் நேரம் முழுவதும் மூக்கினாலும் வாயினாலும் மெதுவாகக் குமிழிகளை விட்டுக்கொண்டே இருந்தால், தலை திரும்பும்போது உள்ளெடுப்பது மட்டுமே மீதமாகும். தலையைத் தனியாகத் திருப்பாமல் தோளும் இடுப்பும் சேர்ந்து பக்கவாட்டில் உருளும்போது அதனுடன் முகமும் திரும்பவேண்டும். ஒரு கண் நீருக்குள்ளேயே இருக்கும் அளவுக்குத் திரும்பினால் போதும். ஆழம் குறைந்த பகுதியில் நின்றபடி முகத்தை அமிழ்த்திக் குமிழி விடுவதை ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம் செய்வது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆயினும் பெரியவர்கள் வெட்கப்பட்டுத் தவிர்க்கின்ற இந்தப் பயிற்சியே அவர்களுக்கு மிகவும் தேவையானது.

கைகளைப் பொறுத்தவரை, நீரை அடிப்பதற்கும் நீரைப் பிடிப்பதற்கும் வேறுபாடு உண்டு. கை நீரினுள் நுழைந்ததும் உடனடியாகக் கீழ்நோக்கி அழுத்துபவர் தமது உடலை மேலே தூக்குகின்றாரே தவிர முன்னே செல்வதில்லை. கையை நீட்டி, முழங்கையை உயரவைத்து, விரல்நுனி அடித்தளத்தை நோக்க, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து ஒரு துடுப்பைப் போல நீரைப் பின்தள்ள வேண்டும். கை தலைக்கு முன்னால் நடுக்கோட்டைக் கடந்து மறுபக்கம் செல்வது தோள் வலிக்கு ஒரு முக்கிய காரணமாகும். சாதாரண நீச்சலில் முன்செல்லும் விசையின் பெரும் பங்கு கைகளிலிருந்தே கிடைக்கின்றது. கால்களோ பெரிய தசைகளைக் கொண்டவை; அவை ஒட்சிசனை வெகுவாக உண்பவை. நெடுந்தூரம் நீந்த விரும்புபவர் முழங்காலை மடித்துச் சைக்கிள் மிதிப்பது போல உதைப்பதைக் கைவிட்டு, இடுப்பிலிருந்து எழும் மென்மையான உதைப்பினால் உடலின் சமநிலையைப் பேணினால் போதுமானது.

இவ்வாறு மெதுவாகச் சரியாக நீந்துவது ஆரம்ப நிலையினருக்கு மட்டும் உரியதென எண்ணிவிடலாகாது. 1992இல் பார்சலோனாவிலும் 1996இல் அட்லாண்டாவிலும் 50 மீற்றர், 100 மீற்றர் சாதாரண நீச்சல் இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற ரஷ்ய வீரர் அலெக்சாண்டர் போபோவ் இதற்குச் சிறந்த உதாரணமாவார். அதிவேகப் போட்டிகளின் வீரரான அவருக்கு, பயிற்றுநர் கெனடி தூரெட்ஸ்கி குறைந்த வேகத்தில் குற்றமற்ற அசைவுகளுடன் நீந்துவதையே பயிற்சியின் பெரும்பகுதியாக வகுத்திருந்தார். முறை சிதைந்துவிடும் வேகத்தில் பயிற்சி செய்வதில் பயனில்லை என்பதே அதன் அடிப்படையாகும்.

முறையைப் பேணியவாறே தூரத்தைக் கூட்டுவது எவ்வாறு? இடைவெளிப் பயிற்சியே இதற்கான விடையாகும். நீச்சலில் இதனை அறிவியல் ரீதியாக வளர்த்தவர்களுள் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகப் பயிற்றுநர் ஜேம்ஸ் கவுன்சில்மன் குறிப்பிடத்தக்கவர். மார்க் ஸ்பிட்ஸுக்குப் பயிற்சியளித்த இவர் 1968இல் நீச்சலின் அறிவியல் பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். 1979இல் தமது 58ஆவது வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அதுவரை அக்கால்வாயைக் கடந்தவர்களுள் அவரே வயதில் மூத்தவராக இருந்தார். வயது போய்விட்டது என்பவர்களுக்காகவே இதனை இங்கு குறிப்பிடுகின்றோம்.

இடைவெளிப் பயிற்சி எளிமையானது. 400 மீற்றரை ஒரே மூச்சில் நீந்த முயன்று பாதியில் உருக்குலைந்து போவதை விட, 25 மீற்றரை 16 தடவைகள், ஒவ்வொன்றுக்கும் இடையில் 20 அல்லது 30 செக்கன் ஓய்வுடன் நீந்துவது சிறந்தது. தூரம் ஒன்றே, ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒழுங்கான அசைவுடன் முடிகின்றது. இது இலகுவாகத் தோன்றத் தொடங்கியதும் ஓய்வை 15 செக்கனாகக் குறைக்கலாம். பின்னர் 50 மீற்றர் எட்டுத் தடவைகள், அதன்பின் 100 மீற்றர் நான்கு தடவைகள் என மாற்றலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றுவது, அதாவது தூரத்தைக் கூட்டி ஓய்வையும் குறைப்பது, உசிதமானதல்ல. 25 மீற்றர் தடாகத்தில் 40 நீளங்கள் ஒரு கிலோமீற்றர் ஆகும். வாரத்தில் மூன்று நாட்கள் தவறாது செல்பவருக்குச் சில மாதங்களில் அது எட்டக்கூடிய இலக்கே. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சென்று இரண்டு மணி நேரம் உடலை வருத்துபவருக்கு அது கிட்டுவது அரிது. இதயமும் தசைகளிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களும் அடிக்கடி கிடைக்கும் அளவான தூண்டலுக்கே இசைந்து வளர்கின்றன. இரண்டு மூன்று வாரங்கள் விட்டுவிட்டால் அந்த வளர்ச்சி குன்றத் தொடங்கும். நீரைப் பிடிக்கின்ற கையின் உணர்வோ அதற்கும் முன்னரே மங்கிவிடும்.

முன்னேற்றத்தை அளப்பதற்கு இரண்டு அளவுகோல்கள் போதும்: சுவரிலுள்ள மணிக்கூடும் கைவீச்சுகளின் எண்ணிக்கையும். ஒரு நீளத்தைக் கடக்க எத்தனை கைவீச்சுகள் தேவைப்பட்டன என்று எண்ணிப் பார்க்கவேண்டும். வளர்ந்த ஒருவர் 25 மீற்றருக்கு 28 கைவீச்சுகள் எடுத்து, சில வாரங்களின் பின்னர் அதே நேரத்தில் 22 கைவீச்சுகளில் கடந்தால் அவரது முறை திருந்தியுள்ளது என்பதில் ஐயமில்லை. எண்ணிக்கையைக் குறைப்பதற்காக ஒவ்வொரு வீச்சிற்குப் பின்னரும் அசையாது மிதந்து கிடப்பது ஏமாற்று வேலை. மணிக்கூடு அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். எந்த வேகத்தை நீண்ட நேரம் தாங்க முடியும் என்பதையும் ஒரு சிறு கணக்கின் மூலம் அறியலாம். ஒரே நாளில், இடையே போதிய ஓய்வுடன், 400 மீற்றரையும் 200 மீற்றரையும் இயன்றளவு விரைவாக நீந்தி நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். முன்னையதற்கு 10 நிமிடமும் பின்னையதற்கு 4 நிமிடம் 40 செக்கனும் சென்றதாகக் கொள்வோம். வித்தியாசம் 5 நிமிடம் 20 செக்கன். அதன் பாதியான 2 நிமிடம் 40 செக்கனே, அவர் 100 மீற்றருக்கு ஏறத்தாழத் தாங்கக்கூடிய வேகமாகும். பயிற்சியை இந்த வேகத்தை ஒட்டி வகுத்துக்கொண்டால் தொடக்கத்திலேயே விரைந்து முடிவில் தளர்ந்துபோகும் தவறு நேராது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் பொபி ஃபின்க் 1500 மீற்றரை 14 நிமிடம் 30.67 செக்கனில் நீந்தி உலக சாதனை படைத்தார். சராசரியாக ஒவ்வொரு 100 மீற்றருக்கும் 58 செக்கன். அவ்வாறு பதினைந்து தடவைகள், ஓய்வின்றி. எம்மில் பலரால் முழு மூச்சுடன் ஒரு தடவை கூட எட்டமுடியாத வேகம் அது.

கருவிகளைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. கண்ணுக்குப் பொருத்தமான நீச்சல் கண்ணாடி அவசியம். கால்களுக்கிடையே வைக்கின்ற மிதவை, கைகளின் அசைவைத் தனியே கவனிக்க உதவும். அதிலேயே தங்கிவிட்டால் இடுப்பு தாழ்கின்ற குறை மறைந்திருக்குமே தவிர நீங்காது. ஹோட்டல்களிலுள்ள வளைந்து நெளிந்த சிறு தடாகங்கள் இந்தப் பயிற்சிக்கு உகந்தவையல்ல. 12 மீற்றர் தடாகத்தில் சுவரை உதைத்துத் தள்ளுவதிலேயே பாதித் தூரம் போய்விடும். தடாகத்தில் பலர் ஒரே தடத்தைப் பகிரும்போது ஒரு பக்கமாகச் சென்று மறுபக்கமாகத் திரும்புவதும், ஓய்வெடுப்பவர் சுவரின் ஓரமாக ஒதுங்கி நிற்பதும் மரபாகும். நீரில் இறங்குமுன் உடலைக் கழுவுவதும் அவ்வாறே. மூக்கைத் துளைக்கும் நெடி தடாகம் சுத்தமாக இருப்பதன் அடையாளம் எனப் பலர் நம்புகின்றனர். வியர்வையும் சிறுநீரும் குளோரினுடன் கலப்பதாலேயே அந்த நெடி பெரிதும் எழுகின்றது.

ஓர் எச்சரிக்கையை மட்டும் அழுத்திக் கூறவேண்டியுள்ளது. நீருக்கடியில் யார் நீண்ட நேரம் மூச்சை அடக்குவது என்ற போட்டி இளைஞர்களிடையே காணப்படுகின்றது. வேகமாகப் பல தடவைகள் மூச்செடுத்த பின்னர் அமிழ்பவருக்குக் காபனீரொட்சைட்டு குறைந்திருப்பதால், மூச்செடுக்கும் உந்துதல் தோன்றுமுன்னரே ஒட்சிசன் குறைந்து நினைவு தப்பிவிடலாம். எவ்வித போராட்டமும் சத்தமும் இன்றி இது நிகழும். நன்கு நீந்தக்கூடியவர்களே இதற்குப் பலியாகின்றனர். தனியாக நீந்துவதைத் தவிர்ப்பதும் கண்காணிப்பாளர் உள்ள தடாகத்தைத் தெரிவு செய்வதும் கட்டாயமாகும். இதய நோய் அல்லது வலிப்பு உள்ளவர்கள் வைத்தியரின் ஆலோசனையைப் பெற்ற பின்னரே தொடங்கவேண்டும். மூட்டு வலியுள்ளோருக்கும் உடற்பருமன் மிக்கோருக்கும், நீர் உடலின் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால், நடையை விட நீச்சல் இலகுவாக அமையும். எனினும் அதே காரணத்தால் எலும்பின் உறுதிக்கு நீச்சல் மட்டும் போதாது, நடைப்பயிற்சியும் தேவை.

நீச்சலில் எமது மண்ணுக்கு ஒரு பாரம்பரியம் உண்டு. வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இரு வழியும் 51 மணித்தியாலங்களில் நீந்திக் கடந்தார். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியிலேயே அவர் உயிர் நீத்தார். ஜுலியன் போலிங் மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் இலங்கையின் சார்பில் நீந்தினார். மத்தியூ அபேசிங்க 2016 தெற்காசிய விளையாட்டு விழாவில் ஏழு தங்கப் பதக்கங்களை வென்றார். ஆனால் பதக்கம் பெறும் நோக்கமற்ற சாதாரண மக்கள் நீந்துவதற்கு எமது நாட்டில் உள்ள வசதி மிகச் சொற்பமே. இருக்கின்ற தடாகங்களில் பெரும்பாலானவை பாடசாலைகள், கழகங்கள், ஹோட்டல்கள் ஆகியவற்றின் வசமே உள்ளன. பாடசாலையில் போட்டிக்காக நீந்திய மாணவர் பாடசாலையை விட்டு நீங்கியதும் நீச்சலையும் விட்டுவிடுகின்றார். அவருக்குச் செல்ல இடமில்லை. பெண்களின் நிலை இதனிலும் கடினமானது. தனியான நேரமும் பெண் பயிற்றுநரும் இல்லாத இடத்திற்குப் பல குடும்பங்கள் அவர்களை அனுப்புவதில்லை.

புதிய தடாகங்களை அமைப்பதற்குப் பெரும் நிதி வேண்டும். இருப்பவற்றைத் திறந்துவிடுவதற்கு அவ்வளவு செலவாகாது. மாகாண சபைகளும் பாடசாலை நிர்வாகங்களும் தமது தடாகங்களில் ஒரு தடத்தையேனும் காலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை, நியாயமான கட்டணத்துடன், உயிர்காப்பாளர் ஒருவரின் மேற்பார்வையில் பொதுமக்களுக்கு ஒதுக்கவேண்டும் எனவும், வாரத்தில் இரண்டு நாட்களை முற்றாகப் பெண்களுக்கு விடவேண்டும் எனவும் கேட்டுக்கொள்கின்றோம்.